சுத்தம் வியாபாரத்துக்கும் சோறு போடும்

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிய பழமொழி. முற்றம் பெருக்கச் சோம்பிய சிறுமியரை அதைச் சொல்லியே எழுப்பினர். கடை நடத்தும் ஆடவரையும் ஆலை நடத்தும் முதலாளிமாரையும் அதைச் சொல்லி எழுப்புவார் இல்லாது போயினர். சுத்தம் என்பது வீட்டுப் பெண்களின் வேலை, வியாபாரத்துக்கு அது வீண் செலவு, கழிவைப் பிறன் தலையிற் கட்டிவிடுவதே சாமர்த்தியம் என்னும் எண்ணம் நம் வணிகரிடையே வேரூன்றி நெடுங்காலமாயிற்று.

அவ்வெண்ணம் அறத்துக்கு மாறானது என்று பிரசங்கம் செய்ய நாம் இங்கு முன்வரவில்லை. அதற்குக் கோயிலும் கதாப்பிரசங்கமும் உண்டு. அவ்வெண்ணம் கணக்குக்கு மாறானது என்பதே நமது வாதம். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே இவ்வாதத்தை நடத்த விரும்புகிறோம்.

கானுக்குள் போன காசு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பெருமழை நாளில் நாம் கண்ட காட்சி இது. மழை விட்டு இரண்டு மணி நேரமாகியும் தண்ணீர் வடியவில்லை. சாப்பாட்டுக் கடையொன்றின் படிக்கட்டைத் தாண்டிக் கருநிறத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு ஆக்கிய சோறும் கறியும் விலைப்படாமற் கிடந்தன. கடை முதலாளி மாநகரசபையை வாயாரத் திட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் தொழிலாளர் வந்து கான் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே நிலக்கரித் துண்டங்கள் போல் உறைந்து இறுகிய கொழுப்பு வெளிவந்தது. அது மாநகரசபை போட்ட கொழுப்பன்று. அக்கடையும் அயற்கடைகளும் ஆண்டுக்கணக்காகக் கழுவி ஊற்றிய தேங்காயெண்ணெயும் இறைச்சிக் கொழுப்புமே குளிர்ந்து இறுகிக் கிடந்தன.

கணக்குப் பார்ப்போம். அந்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கியவர் அம்முதலாளி. அதைக் கானில் ஊற்றிக் காசை இழந்தவரும் அவரே. ஒரு நாள் வியாபாரத்தை இழந்தவரும், ஆக்கிய உணவைக் கொட்டியவரும், தரையைக் கழுவக் கூலி கொடுத்தவரும் அவரே. அடுப்படிக்கும் கானுக்கும் இடையே கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் சிறு தொட்டியொன்றைக் கட்டிக் கிழமைக்கு ஒருமுறை வாரியெடுத்திருந்தால், ஆகும் செலவு ஒருநாள் நட்டத்துக்கு எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும். பொரித்து முடிந்த எண்ணெயைச் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து வாங்கிச் செல்வாரும் உளர். சமையற் கழிவைப் பன்றிப் பண்ணைக்காரர் எடுத்துச் செல்கின்றனர். கழிவு என்று நாம் பெயரிட்டது பிறனொருவனுக்கு மூலப்பொருள்.

சுற்றாடல் முகாமை என்று இன்று பெரிய பெயரால் அழைக்கப்படுவது அடிப்படையில் இவ்வளவுதான்: காசு கொடுத்து வாங்கிய பொருள் எங்கே வீணாகிறது என்று தேடிப் பிடிப்பது. அமெரிக்காவில் 3எம் என்னும் பெருங் கம்பனி 1975-ம் ஆண்டிலேயே "மாசு தடுத்தல் இலாபம் தரும்" என்னும் பொருள்பட ஒரு திட்டத்துக்குப் பெயரிட்டு, புகைபோக்கியின் நுனியில் வடிகட்டி மாட்டுவதை விட ஆலைக்குள்ளேயே கழிவு பிறவாமற் செய்வது மலிவு என்று தன் பொறியியலாளர்க்குக் கட்டளையிட்டது. அது தரும கைங்கரியமாகச் செய்யப்பட்டதன்று. இலாபம் தேடும் கம்பனி இலாபத்துக்காகவே செய்தது.

எறிவதற்கு இடமில்லை

கொழும்புத் தமிழர் இவ்விஷயத்தைப் பிறரினும் நன்கு அறிந்திருக்க வேண்டும். நகரத்தின் வாயில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் இருக்கலாம். அதன் கழிவு வாசல்கள் நாம் நெருங்கி வாழும் இரு முனைகளிலேயே இருக்கின்றன. நகரின் மலக்கழிவைச் சேர்க்கும் குழாய்கள் தெற்கே வெள்ளவத்தையிலும் வடக்கே கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரப் பகுதியிலும் கடலிற் சென்று முடிகின்றன. பல்லாண்டுகளாக அக்கழிவு முறையான சுத்திகரிப்பின்றியே கடலிற் கலந்தது. மழைவெள்ளத்தைக் கடலுக்கு இறக்கும் கால்வாய்களும் வெள்ளவத்தை, தெகிவளை, முகத்துவாரம் என்னும் இடங்களிலேயே கரையைத் தொடுகின்றன.

கொட்டாஞ்சேனையில் புளூமெண்டால் வீதிக் குப்பை மலையை நினைவில்லாதார் உண்டோ? பல்லாண்டுகள் நகரக் குப்பையெல்லாம் அங்கே குவிந்தது. 2009-ம் ஆண்டளவில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் அது மூடப்பட்டபோது நம்மவர் பெருமூச்சு விட்டனர். குப்பை போன இடத்தை எவரும் கேட்கவில்லை. அது மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. 14-4-2017 அன்று, சித்திரைப் புத்தாண்டுப் பண்டிகை நாளில், அந்த மலை சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்கும் குப்பைக்கும் அடியிற் போயின. வீடுகள் நூற்றுக்கணக்கிற் பாழாயின. ஓரிடத்தில் எறிவதாக நாம் எண்ணியது மற்றோரிடத்தில் மனிதர் மேல் விழுந்தது.

அதன் பின்னர் குப்பையைப் புத்தளத்து அருவக்காட்டுக்கு ஏற்றவும், கெரவலப்பிட்டியில் எரித்து மின்சாரம் எடுக்கவும் ஏற்பாடாயிற்று. 2021-ல் தொடங்கிய கெரவலப்பிட்டி ஆலை 10 மெகாவாட் மின்சாரம் தரும் அளவினது. அங்கும் ஒரு பாடம் உண்டு. ஈரச் சோறும் வாழையிலையும் கலந்த குப்பை நன்றாக எரியாது. அதன் சூட்டிற் பெரும்பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். ஈரத்தையும் காய்ந்ததையும் வீட்டிலும் கடையிலும் பிரித்தால் ஒன்று பசளை, மற்றொன்று எரிபொருள். பிரிக்காவிட்டால் இரண்டும் குப்பை.

நீரின் வழியும் இவ்வாறே. தலைநகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் பயனற்ற சேறு என்று மதிக்கப்பட்டு மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 2010 நவம்பர் மாதப் பெருமழையில் தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கும் பாராளுமன்றமே வெள்ளத்திற் சூழப்பட்டது. மழைநீர் தங்கிச் செல்லும் பாத்திரத்தை நிரப்பிவிட்டால் அந்நீர் கடைக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் புகும் என்பதைச் சட்டம் இயற்றும் சபையே நேரிற் கண்டது. பின்னர் உலக வங்கியிடம் கடன் வாங்கிக் கால்வாய்களும் சதுப்புகளும் திருத்தப்பட்டன. 2018-ல் கொழும்பு சர்வதேச ஈரநில நகரமெனவும் அங்கீகாரம் பெற்றது. இலவசமாக இருந்ததை அழித்துவிட்டு, அதைத் திரும்பப் பெறக் கடன் வாங்கியது எந்த வணிகனின் கணக்குக்கு ஒக்கும்?

சுன்னாகத்துக் கிணறுகள்

நட்டக் கணக்கில் நம்மவர் மறக்கவொண்ணாத பெயர் சுன்னாகம். அங்கே தனியார் கம்பனியொன்று அனல்மின் நிலையம் நடத்தியது. 2014, 2015-ம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். அள்ளிய வாளியிற் படலம் தெரிந்தது. குடத்தில் மணம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆறில்லை என்பதை நாம் எவர்க்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக் கல்லின் துளைகளில் தங்கிய மழைநீரே அம்மண்ணின் ஆறு, குளம், ஏரி எல்லாம். அக்கல் தண்ணீரை விரைந்து உறிஞ்சும். அதே விரைவோடு எண்ணெயையும் உறிஞ்சும். ஓர் வளவிற் சிந்தியது பல வளவுகளின் கிணற்றில் ஊறும்.

தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் கிணற்றில் அள்ளிக் குடித்த குடும்பங்கள், தண்ணீர் பவுசர் வரும் வரை வீதியிற் குடத்துடன் காத்து நின்றன. 2015-ல் அந்நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் அந்நீதிமன்றம், மாசுபடுத்தியவனே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வரை நட்டஈடு செலுத்துமாறு அக்கம்பனிக்குக் கட்டளையிட்டது. மேற்பார்வை செய்ய வேண்டிய அரச தாபனங்களும் தம் கடமையிற் தவறின என்று கண்டது.

இக்கதையின் நீதி என்ன? கிணறு கெட்டவர்க்கு 2 கோடி பெருந்தொகையன்று. பலர் கையில் அது பங்கிடப்பட்டால் ஒரு குழாய்க்கிணற்றுச் செலவுக்கும் போதாது. கம்பனிக்கோ அது மட்டும் நட்டமன்று. நின்றுபோன நிலையம், வழக்குச் செலவு, கெட்ட பெயர் எல்லாம் சேர்ந்தன. கழிவெண்ணெயைச் சேர்த்துப் பிரிக்கும் தொட்டியையும் கசியாத தரையையும் முறையாகக் காப்பதற்கான செலவு இவற்றின் முன்னே எம்மாத்திரம்? ஊராருக்கும் நட்டம், முதலாளிக்கும் நட்டம், மின்சாரம் வேண்டிய மாகாணத்துக்கும் நட்டம். இலாபம் அடைந்தவர் எவருமில்லை.

ஒரு கசிவின் விலை

இதனினும் பெரிய கணக்கு நமது துறைமுக வாசலிலேயே எழுதப்பட்டது. எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பலில் இருந்த கொள்கலன் ஒன்றில் நைத்திரிக்கமிலம் கசிந்தது. அதை இறக்க வழியில் இரு துறைமுகங்களிற் கேட்டும் இயலாது போகக் கப்பல் கொழும்பை நோக்கி வந்தது. 20-5-2021 அன்று தீப்பற்றியது. 2-6-2021 அன்று தாழத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிற் பரந்து கரைகளில் வெண்பனி போல் ஒதுங்கின. முகத்துவாரத்து மீனவன் வலையை மடித்து வைத்தான். மீன் வாங்குவார் இல்லாமற் சந்தை வெறிச்சோடியது. 24-7-2025 அன்று நமது உயர் நீதிமன்றம், கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

கசிந்த பொருள் ஒரு கொள்கலனுக்குள் அடங்கியது. அதன் பொதியைச் சரிவரக் கட்டுவதற்கு எத்தனை ரூபா ஆகியிருக்கும்? இதுதான் இவ்விஷயத்தின் இயல்பு. தடுப்பதற்கு ஆகும் செலவு சிறிது. அது இன்றே கையிலிருந்து போகிறது. தடுக்காததன் செலவு பெரிது. அது நாளைக்கு வருகிறது, ஒருவேளை வராமலும் போகலாம். சூதாடியின் மனம் "வராது" என்றே சொல்லும். ஆனால் வணிகன் சூதாடியல்லன். தீ வராது என்று நம்பி எந்த வணிகன் களஞ்சியத்துக்குக் காப்புறுதி எடுக்காமல் இருக்கிறான்?

அயலவரின் நம்பிக்கையும் முதலில் ஒரு பகுதியே. வெலிவேரியாவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கழிவால் தம் கிணற்று நீர் கெட்டதென்று மக்கள் வீதிக்கு வந்தனர். 1-8-2013 அன்று இராணுவம் சுட்டதில் மூன்று இளைஞர் மாண்டனர். ஆலை அவ்விடத்தில் மேலும் நடக்க முடியாது போயிற்று. நீர் கெட்டதற்கு எது காரணம் என்பது பற்றி வாதம் நடந்தது. வாதத்தில் யார் வென்றாலும், அயலவர் நம்ப மறுத்த ஆலையின் கதவு அதற்குள் மூடிவிட்டது. தன் கழிவுநீரின் கணக்கை ஆண்டுதோறும் ஊரார் முன் வாசித்துக் காட்டும் ஆலைக்கு இவ்விபத்து எளிதில் நேராது.

குப்பை பொன்னான கதை

நட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் வாசகர் அஞ்சுவரேயன்றி நம்பார். இலாபக் கணக்கையும் பார்ப்போம்.

தென்னை மட்டையை ஊறப்போட்டு அடித்துத் தும்பு எடுத்தபின் மிஞ்சுவது தும்புச்சோறு. தும்பு ஆலைகளின் பின்புறத்தில் அது குன்று குன்றாகக் கிடந்ததை முதியோர் அறிவர். மழையில் அதன் சாயநீர் ஓடி அயல் வாய்க்காலைக் கறுப்பாக்கியது. தூக்கி எறியக் கூலி கொடுத்தனர். அது தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், வேரை அழுகவிடாது என்பது தெரிந்தபின், கழுவி உலர்த்திக் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றத் தொடங்கினர். இன்று ஐரோப்பாவிலும் யப்பானிலும் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளியும் மிளகாயும் நம் தும்புச்சோற்றில் வளர்கின்றன. எறியக் கூலி கொடுத்த பொருள் இன்று அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை வயலில் எரிக்கும் வைக்கோலைக் காசாக்கிய காலமும் நம்மவர் கண்டதே.

ஆடைக் கைத்தொழிலைப் பாருங்கள். சீதுவையில் பிராண்டிக்ஸ் தாபனம் பழைய ஆலையொன்றைத் திருத்தி அமைத்து, 2008-ல் உலகிலேயே முதலாவதாக "லீட் பிளாட்டினம்" என்னும் பசுமைக் கட்டிடச் சான்றைப் பெற்ற ஆடை ஆலையாக்கியது. மின்செலவு பாதியளவுக்குக் குறைந்ததென்றும் நீர்ச்செலவு அதனினும் குறைந்ததென்றும் அத்தாபனத்தின் கணக்கே கூறியது. அதே ஆண்டில் எம்.ஏ.எஸ். தாபனம் துல்கிரியாவில் பசுமை ஆலையொன்றைத் திறந்தது. மட்டக்களப்பிலுள்ள பிராண்டிக்ஸ் ஆலையும் கரிப்புகைக் கணக்கைச் சுழியாக்கிய ஆலையென 2019-ல் சான்று பெற்றது. மட்டக்களப்பில் இயன்றது யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் ஏன் இயலாது?

இவர்கள் இதைச் செய்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஆலையில் வீணாகும் ஒவ்வொரு குடம் வெந்நீருக்கும் முதலாளி மூன்று முறை காசு கொடுக்கிறான்: தண்ணீரை எடுக்க ஒருமுறை, அதைச் சூடாக்க ஒருமுறை, அழுக்கானதை வெளியேற்ற ஒருமுறை. ஒரு குடத்தை மிச்சப்படுத்தினால் மூன்று செலவும் மிச்சம். இரண்டாவது, இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள கொள்வனவாளன் இப்போது துணியை மட்டும் பார்ப்பதில்லை. துணி பிறந்த இடத்தின் தண்ணீரையும் பற்றிக் கேள்வி கேட்கிறான். ஐரோப்பிய ஒன்றியம் நமக்கு அளிக்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கு அடிப்படையான 27 சர்வதேச சாசனங்களுள் சுற்றாடல் பற்றியனவும் அடங்கும். 2010-ல் வேறு காரணங்களுக்காக அச்சலுகையை இழந்து 2017-ல் திரும்பப் பெறும் வரை இந்நாட்டு ஆடைத் தொழில் எவ்வளவு நெருக்குண்டது என்பதைக் கட்டுநாயக்காவில் வேலை செய்த நம் பெண்களே சொல்வர்.

ஒரே சந்தையில் நல்லவனும் கள்ளனும்

"நீர் சொல்வது பெருங் கம்பனிக்குச் சரி, என்னைப் போன்ற சிறு முதலாளிக்கு எப்படி?" என்று ஒருவர் கேட்கக்கூடும். "நான் சுத்திகரிப்புத் தொட்டி கட்டுகிறேன், அடுத்த வளவுக்காரன் இரவிற் கானிற் திறந்துவிடுகிறான். அவன் பொருள் மலிவு, என் பொருள் விலை. சுத்தம் எனக்குச் சோறு போடுமா, மண் போடுமா?" நியாயமான கேள்வி. இதற்கு மறுமொழி சொல்லாத சுற்றாடற் பேச்செல்லாம் வெறும் பேச்சே.

மறுமொழி தமிழகத்துத் திருப்பூரில் இருக்கிறது. வெள்ளவத்தைத் துணிக்கடைகளுக்கு வந்து இறங்கும் பனியனும் சட்டையும் அவ்வூர்ச் சரக்கே. அங்குள்ள சாயப்பட்டறைகள் உப்பும் சாயமும் கலந்த கழிவை நொய்யல் ஆற்றில் விட்டன. விவசாயத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. பயிர் கருகியது, கிணறு உவர்த்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினர். திருந்த விரும்பிய பட்டறைக்காரர் திருந்தாதவரோடு விலையிற் போட்டியிட முடியாமல் தயங்கினர். தவணை மேல் தவணை போயிற்று. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை ஐக்கோர்ட்டு நல்லவர், கள்ளர் என்று பாராமல் நூற்றுக்கணக்கான பட்டறைகளையும் ஒருங்கே மூடுமாறு கட்டளையிட்டது. ஊரின் தொழிலே நின்றது. சாயமேற்றத் துணி வேற்றூர்களுக்குச் சென்றது. தொழிலாளர் ஊர் திரும்பினர்.

பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில், சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறை புகுத்தப்பட்டது. தமிழக அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று அந்நிலையங்களிற் கழிவுநீரின் பெரும்பகுதி தெளிந்த நீராகத் திரும்புகிறது. உப்பும் மீட்கப்பட்டு மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. செலவு அதிகமே; மின்சாரம் நிரம்பத் தின்னும் முறையே. ஆயினும் எல்லார்க்கும் ஒரே விதி ஆனபடியால் சுத்தமாகத் தொழில் செய்பவனை அழுக்கன் விலையில் வீழ்த்த முடிவதில்லை.

ஆகவே நமது முடிபு இது. சுத்தம் வியாபாரத்துக்குச் சோறு போடும். சட்டம் எல்லார் வாசலிலும் ஒரேபடி நிற்கும் இடத்திலேயே அச்சோறு முழுமையாகக் கிட்டும். சட்டம் நேர்மையான வணிகனின் பகையன்று. அவனுக்கு அதுவே வேலி. 1980-ம் ஆண்டின் 47-ம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கிறது. சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறாமல் விதிக்கப்பட்ட கைத்தொழில்களை நடத்தலாகாது என்ற ஏற்பாடும் இருக்கிறது. சுன்னாகம் காட்டியது சட்டத்தின் பஞ்சத்தையன்று, அதை நடத்தும் கையின் சோர்வை. தன் நகரத்து மலக்கழிவைக் கடலில் விட்ட அரசும் மாநகரசபையும் சாப்பாட்டுக் கடைக்காரனுக்குப் புத்தி சொல்ல வரும்போது அவன் சிரித்தால், அச்சிரிப்புக்கும் அவர்களே பொறுப்பு.

தோட்டக்காரனின் முதல்

விவசாயி தன்னை வியாபாரியாக எண்ணுவதில்லை. ஆயினும் அவனினும் பெரிய வியாபாரி யார்? விதை, பசளை, கூலி எல்லாம் முன்பணமாகப் போட்டு, விலை தெரியாத சந்தைக்குச் சரக்குக் கொண்டு செல்பவன் அவன். அவன் முதலில் பெரும்பங்கு வங்கியிலில்லை; கிணற்றில் இருக்கிறது.

வலிகாமத்தின் வெங்காயத் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் பயிர் உண்ணாமல் மிஞ்சிய பசளை செம்மண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் கடந்து கிணற்றுக்குச் செல்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே பல உண்டென ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சிளங் குழந்தைக்கு அது நஞ்சு. கணக்கின்படி பார்த்தாலும், கிணற்றிற் கண்ட நைத்திரேற்று கடையில் மூட்டையாக வாங்கிய பசளையே. பாதிப் பணத்தை மண்ணுக்கும் மீதிப் பணத்தைக் கிணற்றுக்கும் போடுகிறோம். மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவை வேண்டிய நாளிற் பகுத்து இடுபவனுக்குப் பசளையும் மிச்சம், கிணறும் மிச்சம். சொட்டு நீர்ப்பாசனம் செய்பவனுக்கு மோட்டார் ஓடும் நேரமும் மிச்சம்.

எனினும் மிகையை மிகையால் தீர்க்கலாகாது. 2021-ல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே கட்டளையால் தடைசெய்தது. நவம்பரில் அதைக் கைவிட்டது. அதற்குள் நெல் விளைச்சல் வீழ்ந்தது, விவசாயி கடனிலாழ்ந்தான். அளந்து குறைத்திருக்க வேண்டியதை அளக்காமல் அறுத்தனர். சுற்றாடல் முகாமையின் முதற் கருவி அளவுகோல். அது இல்லாதவன் கையிற் சுற்றாடல் என்னும் சொல்லும் நாசமே செய்யும்.

வடக்கே போகும் பணம்

இதையெல்லாம் இன்று எழுதுவதற்கு அவசரமான காரணம் உண்டு. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் என்னும் இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கும் அறிவிப்பு 2025-ல் வெளிவந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தேடிய பணமும், கனடாவிலும் இலண்டனிலும் தேடிய பணமும் அங்கே போகத் தயாராகின்றன. போக வேண்டும். போரினால் மூடுண்ட சீமெந்து ஆலையும் இரசாயன ஆலையும் கிடந்த மண்ணில் இளைஞர்க்கு வேலை வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் காங்கேசன்துறையிற் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள் இன்றும் திறந்தபடியே கிடக்கின்றன. சென்ற தலைமுறையின் கைத்தொழில் தன் கணக்கை முடிக்காமலே போனதற்கு அவை சாட்சி.

புதிய ஆலை எழுமுன் நான்கு காரியங்களை நாம் கேட்க வேண்டும். காணி கொடுக்குமுன் தண்ணீர்க் கணக்குத் தரப்படல் வேண்டும்: நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கப்படும், எவ்வளவு திரும்பும், எந்நிலையில் திரும்பும் என்பது தமிழில் எழுதி ஊர்ச்சபையில் ஒட்டப்படட்டும். ஆலை தொடங்குமுன் சுற்றுக் கிணறுகளெல்லாம் பரிசோதிக்கப்பட்டு முடிவுகள் பதியப்படட்டும். சுன்னாகத்திற் பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா என்ற வாதம் எழுந்தது. தொடக்க நிலை அளக்கப்பட்டிருந்தால் அவ்வாதம் ஒருநாளில் முடிந்திருக்கும். சிற்றாலைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தொட்டி கட்ட இயலாதாகையால் வலயத்துக்கொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் முதலிலேயே அமையட்டும். திருப்பூர் அதை இறுதியிற் செய்து பட்ட பாடு போதும். நான்காவதாக, ஒவ்வோர் ஆலையும் பிணைப்பணம் வைக்கட்டும். கிணறு கெட்டால் வழக்கு முடியும்வரை ஊரார் காத்திராமல் அப்பணத்திலிருந்து தண்ணீர் பெறட்டும்.

இவற்றைக் கேட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவர் என்று சிலர் அச்சுறுத்துவர். பத்தாண்டுக் கணக்கோடு வருபவன் ஓடமாட்டான். அவனுக்கும் கெடாத தண்ணீர் வேண்டும், பகையாத ஊர் வேண்டும். ஓடுபவன் கழிவைக் கொட்டிவிட்டுப் போக வந்தவனே. அவன் முன்னதாக ஓடுவது நமக்கு இலாபம்.

வெள்ளவத்தையிற் கணக்காளரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் நிறைந்திருக்கின்றனர். அவர்களை ஒன்று வேண்டுகிறோம். உங்களிடம் கணக்குக் காட்ட வரும் ஒவ்வொரு முதலாளியின் பேரேட்டிலும் ஒரு புதிய பத்தியைத் திறந்து வையுங்கள்: வாங்கிய தண்ணீர் எவ்வளவு, எரித்த எண்ணெய் எவ்வளவு, எறிந்தது எவ்வளவு, எறிந்ததற்குக் கொடுத்த விலை எவ்வளவு. அப்பத்தியை ஓராண்டு நிரப்பிப் பார்த்தவன் மறு ஆண்டு கொழுப்புத் தொட்டி கட்டுவதற்கு எவருடைய பிரசங்கமும் வேண்டியதில்லை. அடுத்த மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. கான் மூடியை இன்றே தூக்கிப் பார்ப்போம்.